ஃப்ரீஸருக்குள் மிட்டாய் பொரியாது

கேள்வி: எட்டாவது படிக்கும் என் மகள், ஸ்கிட்டில்ஸ் மிட்டாயை 'ஃப்ரீஸ் டிரை' செய்யும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு ஒரு மாதமாக நச்சரிக்கிறாள். அதில் மிட்டாய் பொரி மாதிரி உப்பி, கடித்தால் மொறுமொறுவென்று உடைகிறது. நாங்கள் மூன்று வாரம் ஃப்ரீஸரில் வைத்துப் பார்த்தோம். கல்லாக இறுகியதே தவிர உப்பவில்லை. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் சாயம் ஓடி, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டது. டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாங்கிச் செய்யலாம் என்று ஒருவர் சொல்கிறார். என் தம்பி ஏசி மெக்கானிக், அவனிடம் காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் பம்ப் இருக்கிறது. அதை வைத்து ஏதாவது முடியுமா? – சென்னை வாசகி

பதில்: உங்கள் ஃப்ரீஸர் சோதனை ஏன் தோற்றது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம், அங்கிருந்தே வருகிறேன்.

'ஃப்ரீஸ் டிரை' என்ற பெயர்தான் எல்லோரையும் ஏமாற்றுகிறது. மாம்பழத்துக்கும் காபிக்கும் அந்தப் பெயர் பொருத்தம். மாம்பழத்தில் 80 சதவீதத்துக்கு மேல் தண்ணீர். அதைப் பனிக்கட்டியாக உறைய வைத்து, சுற்றியிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டால், பனி உருகாமலே ஆவியாகிக் கிளம்பிவிடும். பூஜை அறையில் திறந்து வைத்த கற்பூரம் தானாகக் கரைவது போல. பனி இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகளாக நிற்பதால் பழத்துண்டு வடிவம் மாறாமல் மொறுமொறுப்பாகிறது. இதற்கு ஒரு நாள், ஒன்றரை நாள் ஆகும்.

ஸ்கிட்டில்ஸ் போன்ற மெல்லுகிற பழ மிட்டாயில் தண்ணீர் நூற்றுக்கு ஆறு, எட்டு பங்குதான் இருக்கும். அதுவும் சர்க்கரையோடும் குளுக்கோஸ் சிரப்போடும் பின்னிப் பிணைந்து கிடக்கிறது. வீட்டு ஃப்ரீஸரின் மைனஸ் 18 டிகிரியில் அது பனிக்கட்டியாகவே ஆகாது. பனி இல்லாத இடத்தில் ஆவியாகிப் போக என்ன இருக்கிறது? மூன்று வாரம் இல்லை, மூன்று வருஷம் வைத்தாலும் மிட்டாய் இறுகும், அவ்வளவுதான். வெளியே எடுத்ததும் சாயம் ஓடியதற்குக் காரணம் சென்னைக் காற்று. ஐஸ் வாட்டர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்க்கிறதே, அதே வியர்வை மிட்டாய் மேல் படிந்து சர்க்கரை ஓட்டைக் கரைத்துவிட்டது. உலர்த்தப் போய் நனைத்துவிட்டீர்கள்.

அப்படியானால் வீடியோவில் நடப்பது என்ன? நம் ஊர்க்காரருக்கு அதைப் புரியவைப்பது சுலபம்: பொரி. சூடான மணலில் அரிசியைப் போட்டு வறுக்கும்போது உள்ளே இருக்கும் கொஞ்சம் ஈரம் ஆவியாகி, இளகிய மாவுப் பகுதியை ஊதிப் பெரிதாக்குகிறது. ஊதிய வேகத்தில் ஈரமும் வெளியேறிவிடுவதால் அந்த வடிவத்திலேயே இறுகி நிற்கிறது. மிட்டாயிலும் இதேதான். ஒரே வித்தியாசம், மணல் சூட்டில் மிட்டாயைப் போட்டால் கருகிப் பாகாகிவிடும். அதனால் சூட்டைக் குறைத்து, அதற்கு ஈடாகக் காற்றழுத்தத்தைக் குறைக்கிறார்கள். ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேக நேரமாகும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். உயரம் ஏற ஏறக் காற்று லேசாகிறது, கொதிநிலை இறங்குகிறது. வேக்குவம் பம்ப் இந்த வேலையை ஊட்டியைவிடப் பல மடங்கு கடுமையாகச் செய்கிறது. 60 டிகிரி சூட்டிலேயே மிட்டாய்க்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிப் பொங்குகிறது. இந்த வகை மிட்டாய்களைத் தயாரிக்கும்போதே பாகை இழுத்து இழுத்துக் காற்றை ஏற்றுவார்கள். அந்தக் குட்டிக் காற்றுக் குமிழிகளும் சேர்ந்து விரிய, ஸ்கிட்டில்ஸின் ஓடு பட்டென்று வெடித்து, உள்ளிருக்கும் வெள்ளைச் சதை பிதுங்கி வெளியே வருகிறது.

ஆக, மிட்டாய்க்குத் தேவை குளிர் இல்லை, சூடும் வெற்றிடமும்தான். அமெரிக்க வீடுகளில் வைத்திருக்கும் ஃப்ரீஸ் டிரையர் மெஷின்களில் மிட்டாய்க்கென்றே தனி மோட் இருக்கிறது. அதில் உறைய வைக்கும் கட்டமே கிடையாது. தட்டைச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி, இரண்டு மூன்று மணி நேரத்தில் வேலையை முடித்துவிடுகிறது. அந்த மெஷினுக்குள் சுவர் மட்டும் மைனஸ் 30 டிகிரிக்கும் கீழே குளிர்ந்திருக்கும். அந்தக் குளிர் மிட்டாய்க்கு அல்ல, வெளியேறும் நீராவியைப் பிடித்துப் பனியாக ஒட்டவைப்பதற்கு.

அந்தச் சுவர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. 100 கிராம் மிட்டாயிலிருந்து 6 கிராம் தண்ணீர் வெளியேறுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு டீஸ்பூனைவிடச் சற்றே அதிகம். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது கொதித்து ஆவியானால் 10 லிட்டர் இடத்தை அடைக்கும். மெஷினுக்குள் இருக்கும் அழுத்தத்தில், அதாவது வெளிக்காற்றின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அழுத்தத்தில், அதே 6 கிராம் 13,000 லிட்டராக விரியும். நிமிடத்துக்கு 85 லிட்டர் இழுக்கும் ஏசி பம்ப் அதை வெளியேற்ற இரண்டரை மணி நேரம் மூச்சுவிடாமல் ஓட வேண்டும். குளிர்ந்த சுவர் இருந்தால் அத்தனையும் அங்கேயே பனியாகப் படிந்துவிடும், பம்புக்கு வேலை மிச்சம்.

இனி தம்பியின் பம்ப். முடியும், ஆனால் ஒரு நிபந்தனை: அதில் செய்ததைப் பார்க்கலாம், தின்னக் கூடாது. ஏசி வேலைக்கு ஓடிய பம்பிலும் ஹோஸிலும் கம்ப்ரஸர் எண்ணெய், கேஸ் எச்சம் எல்லாம் இருக்கும். பம்பை நிறுத்தும் நேரத்தில் எண்ணெய் ஆவி குழாய் வழியாகப் பின்னோக்கி வந்து மிட்டாயில் படியும். தின்பதற்குத்தான் என்றால் புது பம்ப், புது ஹோஸ், சாப்பாட்டுப் பொருளுக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்தது வேண்டும். இதில் நான் வளைந்து கொடுக்க மாட்டேன்.

பாத்திர விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. ஊறுகாய் பாட்டில், குக்கர், ஹார்லிக்ஸ் ஜாடி எதையும் பம்போடு இணைக்காதீர்கள். குக்கர் உள்ளிருந்து வரும் அழுத்தத்தைத் தாங்கச் செய்தது, வெளியிலிருந்து அமுக்குவதைத் தாங்க அல்ல. கண்ணாடி ஜாடியோ உள்நோக்கி நொறுங்கிச் சில்லாகத் தெறிக்கும். 25 சென்டிமீட்டர் அகல மூடியின் மேல் காற்று மட்டுமே ஏறக்குறைய 500 கிலோ எடைக்குச் சமமாக அமுக்குகிறது. ஒரு எருமை மாடு மூடி மேல் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரெசின் கைவினை செய்பவர்கள் குமிழி எடுக்கப் பயன்படுத்தும் வேக்குவம் சேம்பர் கடைகளில் கிடைக்கிறது. தடித்த ஸ்டீல் பானை, கனமான அக்ரிலிக் மூடி, அழுத்தமானி, இரண்டு வால்வு. அதுதான் சரி. அக்ரிலிக் சூட்டில் இளகும், ஆகவே அடியில் மட்டும் சூடு காட்டுங்கள், மூடியில் படக் கூடாது. மகள் எட்டிப் பார்ப்பாள், அவளுக்கும் உங்களுக்கும் பாதுகாப்புக் கண்ணாடி அவசியம்.

செய்முறை இது. ஸ்டீல் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, பத்துப் பன்னிரண்டு மிட்டாயை மட்டும் நன்றாக இடைவெளி விட்டு வையுங்கள். இரண்டு மூன்று மடங்கு பெருக்கும், நெருக்கமாக வைத்தால் ஒரே அடையாகிவிடும். பெரிய சதுர மிட்டாய் என்றால் நான்காக நறுக்குங்கள். சேம்பர் பானையை 65 டிகிரி வெந்நீர் உள்ள அகலப் பாத்திரத்தில் கால்வாசி மூழ்கும்படி வைத்து, மிட்டாய் விரலால் அமுக்கினால் குழையும்வரை சூடேறட்டும். பிறகு மூடியைப் போட்டு பம்பை ஓடவிடுங்கள். முதல் சில நிமிடம் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். முள் அடிமட்டத்தை நெருங்கியதும் ஒரு மிட்டாயில் கோடு மாதிரி விரிசல் விழும், அடுத்ததில் ஓரம் பிளக்கும், பிறகு வரிசையாக எல்லாம் பூக்கும். சத்தம் கேட்காது, வெற்றிடத்தில் சத்தம் பயணிக்காதே. வெந்நீரை மாற்றி மாற்றிச் சூட்டை அப்படியே பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரமாவது பம்ப் ஓட வேண்டும்.

பலரும் கோட்டை விடுவது கடைசிக் கட்டத்தில். உப்பியதைப் பார்த்த சந்தோஷத்தில் வால்வைத் திறந்துவிடுவார்கள். மிட்டாய் இன்னும் சூடாக, இளகிய நிலையில் இருக்கும். வெளிக்காற்று உள்ளே பாய்ந்ததும் ஊதிய பலூன் மாதிரி அமுங்கிப் பழையபடி உருண்டையாகிவிடும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே வெந்நீரை எடுத்துவிட்டு ஐஸ் தண்ணீரில் பானையை இறக்கி, கால் மணி நேரம் பொறுங்கள். ஈரம் போன சர்க்கரை குளிர்ந்தால் கண்ணாடி போல விறைத்துவிடும். முழுக்க உலர்ந்த சர்க்கரை 60, 70 டிகிரி வரை இந்த விறைப்போடு நிற்கும். சில சதவீதம் ஈரம் சேர்ந்தாலே அறைச் சூட்டிலும் இளகத் தொடங்கும். ஜவ்வாக மெல்லுவதும் மொறுமொறுவென்று உடைவதும் அந்தச் சில துளி ஈரத்தின் வித்தியாசம்தான். குளிர்ந்த பிறகு காற்றை மெதுவாக விடுங்கள். வால்வைக் கொஞ்சமாகத் திருகினால் போதும்.

என் முதல் முயற்சியில் நானும் அவசரப்பட்டேன். எடுத்ததும் உடைந்தது, பத்து நிமிடத்தில் பல்லில் ஒட்டியது. பார்க்க உலர்ந்தது மாதிரி இருந்தாலும் நடுவில் ஈரம் தங்கியிருந்திருக்கிறது. அன்றிலிருந்து பானை குளிர்ந்த பிறகு ஒன்றை எடுத்து, இரண்டாக உடைத்து நடுப்பகுதியை நகத்தால் அழுத்திப் பார்த்த பிறகுதான் மற்றதை எடுப்பேன். நகம் பதிந்தால் இன்னும் அரை மணி நேரம்.

எல்லா மிட்டாயும் இப்படிப் பொரியாது. சாக்லேட்டும் அதிகக் கொழுப்புள்ள டாஃபியும் வேண்டாம், கொழுப்பு ஆவியாகாது, உருகி வழியும். கம்மி பொம்மைகளில் ஜெலட்டின் வலை ஈரத்தை லேசில் விடாது, பல மணி நேரம் பிடிக்கும், முடிவும் சீராக வராது. கடிக்கிற வகை ஆரஞ்சு மிட்டாயில் ஈரம் ஏற்கெனவே மிகக் குறைவு, ஊதுவதற்கு உள்ளே சரக்கு இல்லை. நன்றாக இழுத்துச் செய்த மெல்லும் பழ மிட்டாய்க்குத்தான் இந்த வித்தை.

செய்து முடித்ததைச் சேமிப்பது பற்றிப் பஞ்சுமிட்டாய் தின்றவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். பஞ்சுமிட்டாயும் இதே கண்ணாடிச் சர்க்கரைதான், ஐப்பசி மழைக்காற்றில் திறந்து வைத்தால் கண்ணெதிரே சுருங்கிப் பிசுபிசுக்கும். சேம்பரைத் திறந்த உடனே காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, உணவுக்கான சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு மூடிவிடுங்கள். திறந்த டப்பாவை அன்றே காலி செய்துவிடுவது நல்லது. லேசாக இருப்பதால் கை நிறைய அள்ளித் தின்னத் தோன்றும், ஆனால் போனது தண்ணீர் மட்டும்தான், சர்க்கரை ஒரு கிராம்கூடக் குறையவில்லை.

டிரை ஐஸ் வேண்டாம். மைனஸ் 78 டிகிரிக் குளிர் உங்கள் ஃப்ரீஸரின் தோல்வியை இன்னும் செலவு செய்து திரும்பச் செய்யும், மிட்டாய் உப்பாது. ஒரு கிலோ டிரை ஐஸ் கரைந்தால் 500 லிட்டருக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வரும். மூடிய அறையிலோ கண்ணாடி ஏற்றிய காரிலோ அது மூச்சை முட்டவைக்கும், இறுக்கி மூடிய டப்பாவில் வைத்தால் வெடிக்கும். 2024 மார்ச்சில் குருகிராமில் ஒரு உணவகத்தில் மவுத் ஃப்ரெஷ்னர் என்று கொடுத்ததைப் போட்டு ஐந்து பேர் ரத்த வாந்தி எடுத்த செய்தி நினைவிருக்கும். அது டிரை ஐஸ்தான்.

மெஷின் வாங்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, மகள் அடுத்து கேட்பாள். விலை லட்சங்களில். மாம்பழமும் பலாச்சுளையும் உலர்த்தி விற்கும் எண்ணம் இருந்தால் யோசிக்கலாம், ஸ்கிட்டில்ஸுக்காக வாங்குவது கொசுவுக்குப் பீரங்கி. ஸ்கிட்டில்ஸைத் தயாரிக்கும் மார்ஸ் நிறுவனமே இப்படிப் பொரிந்த வகையை அமெரிக்காவில் விற்கத் தொடங்கிவிட்டது.

சேம்பர் வரும்வரை மகளைச் சமாளிக்க ஒன்று சொல்கிறேன். ஒரு மார்ஷ்மெல்லோவைப் பீங்கான் தட்டில் வைத்து மைக்ரோவேவில் அரை நிமிடம் ஓடவிட்டு, கதவுக் கண்ணாடி வழியாகப் பாருங்கள். பல மடங்கு ஊதும், நிறுத்தியதும் அமுங்கும். ஐந்து நிமிடம் தொடாமல் ஆறவிடுங்கள், சூடான பாகு தோலில் ஒட்டினால் கொப்பளித்துவிடும். ஆறியதைக் கடித்தால் மொறுமொறுப்பு தெரியும். ஏன் அமுங்கியது என்று அவளையே கேளுங்கள். (மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, சைவம் என்றால் பாக்கெட்டில் பச்சைப் புள்ளி பார்த்து வாங்குங்கள்.)

தம்பியின் பம்பைத் திருப்பிக் கொடுக்கும் முன் அதன் எண்ணெயை மாற்றிவிடச் சொல்லுங்கள். பம்பில் எண்ணெயைப் பார்க்க வைத்திருக்கும் சிறு கண்ணாடியில் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால், மிட்டாயிலிருந்து கிளம்பிய தண்ணீரில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது.