குடத்துக்கு ஒரு அம்மோனியா

கேள்வி: நட்சத்திரம் பிறப்பதற்கு முன்னால் இருக்கும் மேகங்களில் அம்மோனியா உண்டாமே? மைனஸ் 263 டிகிரி குளிரில் ரசாயன வினை எப்படி நடக்கும்? அங்கே போனால் நாற்றம் வருமா?
– ஒரு வாசகர், எண்ணூர்

பதில்: அம்மோனியா நாற்றத்தைப் பற்றி எண்ணூர்க்காரர் எங்களைக் கேட்பதா? 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் கடலடிக் குழாய் கசிந்து, பெரியகுப்பத்து ஜனங்கள் கண்ணெரிச்சலோடு தெருவுக்கு ஓடிவந்த ஊர் உங்களுடையது. இந்தப் பாடத்தில் நீங்கள்தான் வாத்தியார்.

இருந்தாலும் கணக்கைப் போட்டுவிடுவோம். அந்த மேகத்தில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 ஹைட்ரஜன் மூலக்கூறுகள். பத்துக் கோடி ஹைட்ரஜனுக்கு ஒரு அம்மோனியா என்பது தோராய விகிதம். ஆக, மெட்ரோ வாட்டர் லாரிக்கு வரிசை போடும் குடத்தை (10 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்) அங்கே கொண்டுபோய் நிரப்பினால், ஒரே ஒரு அம்மோனியா மூலக்கூறு கிடைக்கும். நாற்றம் வராது. குழாயடிச் சண்டை வரும்.

அடுத்து குளிர். ‘வெப்பம் குறைந்தால் வினை படுத்துவிடும்’ என்று உருப்போட வைக்கும் வினா வங்கிகளோடு இந்தப் பக்கத்துக்குத் தீராத பகை. பூமியில் உர ஆலைக்காரர்கள் அம்மோனியா தயாரிக்க 400, 500 டிகிரி சூடு, நூற்றுக்கு மேல் வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி எல்லாம் வேண்டும். நைட்ரஜனின் முப்பிணைப்பு அவ்வளவு முரடு. மேகத்தில் அதை உடைக்க அடியாள் இருக்கிறான். (அடியாள் என்றதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு வட சென்னைக்கு ஓடிவரும் சினிமாக்காரர்கள் பொறுக்கவும், இவன் ஹீலியம்.) காஸ்மிக் கதிர் (விண்வெளியில் அதிவேகமாகப் பாயும் துகள்) ஹீலியத்திடமிருந்து ஓர் எலெக்ட்ரானைப் பறிக்கும். அந்த அயனி, நைட்ரஜன் மூலக்கூறில் மோதி அதை இரண்டாகப் பிளக்கும். பிளந்ததில் கிடைக்கும் நைட்ரஜன் அயனி, எதிர்ப்படும் ஹைட்ரஜன் மூலக்கூறுகளிடம் ஆளுக்கொரு அணுவாகப் பிடுங்கும். நாலு முறை பிடுங்கினால் அம்மோனியம் அயனி. அதில் ஓர் எலெக்ட்ரான் வந்து சேர்ந்ததும் ஒரு ஹைட்ரஜன் கழன்றுகொள்ளும், மிச்சம் அம்மோனியா. மின்னூட்டமே மூலக்கூறை இழுத்துக்கொள்வதால் சூடு தேவைப்படுவதில்லை.

பெரிய வம்பு முதல் பிடுங்கலில்தான். அங்கே சின்னதாக ஓர் ஆற்றல் மேடு. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டு ஜாதி: இரு அணுக்கருக்களின் சுழற்சியும் ஒரே திசையில் இருந்தால் ஆர்த்தோ, எதிரெதிராக இருந்தால் பாரா. ஆர்த்தோ ஹைட்ரஜனிடம் அதில் பெரும்பங்கை ஈடுகட்டும் உபரி ஆற்றல் உண்டு. பாரா ஹைட்ரஜனிடம் கிடையாது. குளிரில் நாளாக ஆக ஆர்த்தோ குறைந்துகொண்டே போகும். மேகத்தின் ரசாயனத்தைக் கணினியில் கணக்கிடும்போது இந்த ஆர்த்தோ-பாரா விகிதத்தைத் தப்பாகக் கொடுத்தால், கணினி தரும் அம்மோனியா அளவும் தப்பு. தூசித் துகள்கள் மீதும் நைட்ரஜனோடு ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக ஒட்டி அம்மோனியா உண்டாகும். ஆனால் அது பெரும்பாலும் பனியிலேயே மாட்டிக்கொள்ளும்.

அமெரிக்க இயற்பியலாளர் சார்லஸ் டவுன்ஸின் குழு 1968-இல் 1.25 சென்டிமீட்டர் அலைநீளத்தில் விண்வெளி அம்மோனியாவைப் பிடித்தது. 1954-இல் அவர் மேசர் (மைக்ரோ அலையைப் பெருக்கும் கருவி, லேசரின் அண்ணன்) செய்ததும் இதே வாயுவை வைத்துத்தான். கார்பன் மோனாக்சைடு 20 கெல்வினுக்கு (மைனஸ் 253 டிகிரி) கீழே தூசியில் உறைந்து காணாமல் போனபிறகும், மேகத்தின் நடுவில் அம்மோனியா இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிறது. அதன் இரண்டு ரேடியோ வரிகளை ஒப்பிட்டுத்தான் நீங்கள் சொல்லும் மைனஸ் 263-ஐ அளக்கிறார்கள்.