75 ஆண்டுகளைக் கடந்த ஒரு கலை வரலாறு

கேள்வி: எர்ன்ஸ்ட் கோம்பிரிச்சின் 'தி ஸ்டோரி ஆஃப் ஆர்ட்' 1950-இல் வெளிவந்தது. அதன் பிறகு எத்தனையோ கலை வரலாற்று நூல்கள் வந்தும், புதிதாகப் படிக்க வருவோருக்கு இதையே முதலில் சொல்கிறார்களே, ஏன்?
(மாணவி, கோவை)

பதில்: வியன்னாவில் பிறந்து 1936-இல் லண்டனில் குடியேறிய கோம்பிரிச், பதின்வயது வாசகர்களை மனத்தில் வைத்தே இதை எழுதினார். கலைச்சொற்களை அடுக்கி மிரட்டுவதில்லை, படமாக அச்சிட்டுக் காட்ட இயலாத படைப்புகளைக் கூடியவரை பேசுவதில்லை என்று முன்னுரையிலேயே தமக்குக் கட்டுப்பாடும் விதித்துக்கொண்டார்.

ஆனால், எளிமை மட்டுமே இவ்வளவு காலம் ஒரு நூலைத் தாங்கிவிடாது. ஒவ்வொரு கலைஞரும் எந்தச் சிக்கலுக்கு விடை தேடினார் என்று விடாமல் கேட்டுச் செல்வதுதான் இதன் உயிர். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள, பண்டைய எகிப்திய அதிகாரி நெபாமுனின் கல்லறைத் தோட்ட ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். சுமார் 3,400 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த எகிப்திய ஓவியத்தில் குளம் மேலிருந்து பார்த்ததுபோல் செவ்வகமாக இருக்க, அதில் நீந்தும் மீன்களும் பறவைகளும், சுற்றிலுமுள்ள மரங்களும் பக்கவாட்டில் தெரிகின்றன. வரையத் தெரியாதவர் செய்த பிழை என்றே முதலில் தோன்றும். எந்தப் பொருளையும் அதன் இயல்பு முழுமையாக விளங்கும் கோணத்தில் காட்டுவதே அந்த ஓவியருக்கு இடப்பட்ட பணி என்று கோம்பிரிச் விளக்கிய பின், அதிலுள்ள ஒழுங்கு நம் கண்ணுக்குப் புலப்படத் தொடங்குகிறது. இந்தப் பார்வைப் பயிற்சியை வேறெந்த அறிமுக நூலும் இவ்வளவு இயல்பாகத் தரவில்லை என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: பெண் ஓவியர்களையே ஒதுக்கிய நூல் என்கிறார்களே?
(வாசகர், திருச்சி)

பதில்: அது நியாயமான குற்றச்சாட்டு. முதல் பதிப்பில் பெண் கலைஞர் ஒருவர்கூட இல்லை. பிற்காலப் பதிப்பில் ஜெர்மானியக் கலைஞர் கேத்தே கோல்விட்ஸ் மட்டும் இடம்பெற்றார். இதற்கு மறுமொழியாகவே, 2022-இல் பிரிட்டிஷ் கலை வரலாற்று எழுத்தாளர் கேட்டி ஹெஸ்ஸல் ஆண்களே இல்லாத கலை வரலாற்றை எழுதினார். எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று: 12 முதல் 14-ஆம் நூற்றாண்டுக்குள் நைஜீரியாவின் இஃபேயில் வார்க்கப்பட்ட, நுட்பத்தில் எந்த ஐரோப்பியச் சிற்பத்துக்கும் குறையாத உலோகத் தலை, குகை ஓவியங்களைப் பேசும் முதல் அத்தியாயத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. இந்தியக் கலைக்கும் மிகக் குறைந்த இடமே கிடைத்திருக்கிறது.

ஆகவே, ஐரோப்பிய ஓவியத்தை அறிய இதில் தொடங்குங்கள். உலகக் கலை முழுவதற்கும் இதுவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். வாங்கும்போது பெரிய பதிப்பையே கேளுங்கள். கையடக்கப் பதிப்பில் படங்களெல்லாம் பின்பகுதியில் தனியாக இருப்பதால், பத்திக்குப் பத்தி புரட்டிக்கொண்டே இருக்க நேரும்.