பருவத்துக்கு ஒரு படப்புத்தகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் குடியிருப்புக் குழந்தைகளுக்கு மாதம் ஒருமுறை கதை நேரம் நடத்துகிறேன். 3 வயது முதல் 7 வயது வரை பன்னிரண்டு, பதினைந்து பேர் வருவார்கள். இந்த ஆண்டு பருவத்தை ஒட்டிப் படப்புத்தகங்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்று மழையில் தொடங்கினேன். ஏழு புத்தகங்கள் எடுத்துப் போனேன். மூன்றாவதிலேயே பாதிப்பேர் எழுந்து ஓடிவிட்டார்கள். கையில் இருப்பவை பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள். பார்த்துப் பார்த்துத் தமிழில் சொல்கிறேன், அதுவும் தடுமாறுகிறது. உங்களுக்குப் பிடித்த பருவகாலப் புத்தகங்கள் எவை, அவற்றை எப்படி வாசிப்பது? பனிப்பொழிவையே பார்த்திராத குழந்தைகளுக்குப் பனிக்காலக் கதை சொல்வதில் பொருள் உண்டா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏழு மிக அதிகம். படப்புத்தகம் வழக்கமாக 32 பக்கம். தலைப்புப் பக்கமும் பதிப்பு விவரமும் போனால் கதைக்கு மிஞ்சுவது 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும் படம் பார்க்க அரை நிமிடம் விட்டால் ஒரு புத்தகத்துக்கு ஆறேழு நிமிடம் ஆகும். இந்த வயதுக் கலவைக்கு மொத்தமே 25 நிமிடம்தான் தாங்கும். இரண்டு புத்தகம் உட்கார்ந்து கேட்க, நடுவில் ஒன்று எழுந்து ஆட. ஏழும் மழையாகவே இருந்ததும் ஒரு காரணம். மூன்றாவது முறை குடை விரியும்போது பெரியவர்களுக்கே கொட்டாவி வரும்.

தேர்வுக்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: பருவத்தை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நின்றால் அது பருவக் கதை இல்லை. எரிக் கார்லின் பசிகொண்ட கம்பளிப்புழுப் புத்தகத்தை (1969) வசந்த காலத்துக்கென்று பலரும் எடுக்கிறார்கள். அருமையான புத்தகம். ஆனால் அதை நகர்த்துவது கிழமைகளும் எண்ணிக்கையும்தான், எந்த மாதத்திலும் வாசிக்கலாம். கூட்டத்துக்கு எடுத்தால் பெரிய அளவுப் பதிப்பாக எடுங்கள். கையடக்க அட்டைப் பதிப்பில், புழு தின்றதைக் காட்டப் பக்கங்களில் போட்டிருக்கும் துளைகள் முதல் வரிசையைத் தாண்டித் தெரியாது.

எஸ்ரா ஜாக் கீட்ஸின் ‘தி ஸ்னோயி டே’ (1962) இந்தச் சோதனையில் முழுசாகத் தேறும். 1963இல் கால்டெகாட் பதக்கம் (படப்புத்தக ஓவியத்துக்கான அமெரிக்க விருது) பெற்ற புத்தகம். பீட்டர் என்ற சிறுவன் சிவப்பு உடுப்போடு பனியில் இறங்குகிறான். கால்விரல்களை வெளிப்பக்கம் திருப்பி நடக்கிறான், உள்பக்கம் திருப்பி நடக்கிறான், குச்சியை இழுத்துக் கோடு போடுகிறான். ஒரு பனி உருண்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். பிறகு கை விட்டுப் பார்த்தால் பை காலி. கதை இவ்வளவுதான். பனியை எடுத்துவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கும் இங்கேயே பதில் இருக்கிறது. பனியைப் பார்த்திராத குழந்தைக்குப் பனியை விளக்க வேண்டியதில்லை, உருகுவது தெரிந்தால் போதும். கதை நேரம் தொடங்கும்போதே ஒரு சிறிய பனிக்கட்டியை மெல்லிய துணியில் சுற்றிக் கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். ஏன் வைத்தீர்கள் என்று சொல்லாதீர்கள். இந்தப் புத்தகத்தைக் கடைசியாக வாசியுங்கள். பீட்டர் பைக்குள் கை விடும் பக்கத்தில் நிறுத்தி, துணியைப் பிரிக்கக் கொடுங்கள். முழுசாகக் கரையாவிட்டாலும் துணி ஈரமாகவும் கட்டி சிறுத்தும் இருக்கும். பெரிய கட்டியாக வைத்தால் கெட்டியாகவே கிடக்கும், வித்தை பலிக்காது. அதற்குப் பின் உடனே புத்தகத்தை மூடிவிடாதீர்கள். எல்லாப் பனியும் உருகியதாக அவன் கனவு காண்பதும், விழித்ததும் புதுப்பனி விழுந்துகொண்டிருப்பதும் இன்னும் பாக்கி இருக்கின்றன.

லியோ லியோனியின் ‘ஃபிரெட்ரிக்’ (1967) ஐந்து வயதுக்கு மேல். மற்ற எலிகள் குளிர்காலத்துக்குத் தானியம் சேர்க்கும்போது ஃபிரெட்ரிக் வெயிலையும் வண்ணத்தையும் சொல்லையும் சேர்க்கிறது. தானியம் தீர்ந்த நாளில் எலிகள் கண்ணை மூடிக் கேட்கும் பக்கம் வரும். அங்கே குழந்தைகளையும் கண்ணை மூடச் சொல்லுங்கள். நீங்கள் மெல்ல, தணிந்த குரலில் சொல்லுங்கள். பெரியவர்கள் சறுக்குவது முன்பக்கங்களில்தான்: “பார்த்தீர்களா, வேலை செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது” என்று எறும்பு, வெட்டுக்கிளிக் கதையாக மாற்றிவிடுவார்கள். அதோடு புத்தகம் செத்தது.

ஜேன் யோலன் எழுதி ஜான் ஷோன்ஹெர் வரைந்த ‘அவுல் மூன்’ (1987) குளிர்கால இரவில் ஆந்தையைத் தேடிப் போகும் தந்தையும் குழந்தையும். இதில் நிசப்தம்தான் கதை. தந்தை ஆந்தைபோலக் குரல் கொடுத்ததும் மனசுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுங்கள். மூன்று வயதுக்காரர்கள் இருக்கும் கூட்டத்தில் இதை எடுக்க வேண்டாம். ஐந்து எண்ணி முடிவதற்குள் யாராவது தண்ணீர் கேட்பார்கள்.

நடுவில் எழுந்து ஆட மைக்கேல் ரோசன், ஹெலன் ஆக்ஸன்பரியின் கரடி வேட்டைப் புத்தகம் (1989). புல், ஆறு, சேறு, காடு, பனிப்புயல் எல்லாம் கடந்து ஒரு குடும்பம் குகைக்குள் கரடியைத் தேடிப் போகும் கதை. பனிப்புயல் வந்தாலும் இது பருவக் கதை இல்லைதான், ஆனால் எந்தப் பருவத்துக்கும் கைகொடுக்கும். இதில் உங்கள் மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கும் வழி உண்டு. இந்தப் புத்தகத்தில் உயிர் ஓசையில் இருக்கிறது. அந்த ஆங்கில ஒலிகளை அப்படியே சொல்லிப் பார்க்காதீர்கள். நம்மிடம் இரட்டைக்கிளவி கொட்டிக் கிடக்கிறது. புல்லுக்குச் சரசர. ஆற்றுக்குச் சளசள. சேற்றுக்குச் சொதசொத. காட்டில் தடுக்கி விழுவதற்குத் தடதட. பனிப்புயலுக்கு வெடவெட; சொல்லும்போதே உடம்பு நடுங்க வேண்டும். குகைக்குள் குரலை இறக்கிப் பையப் பைய. கரடியைக் கண்டதும் எல்லாம் தலைகீழாக, வேகமாகத் திரும்பி வரும்: குகை, பனி, காடு, சேறு, ஆறு, புல். வாசிப்பவர் தடுமாறும் இடம் இதுதான். இந்த வரிசையை மட்டும் மனப்பாடம் செய்துவிடுங்கள்.

மற்றப் புத்தகங்களுக்கும் அப்போதைக்கப்போது மொழிபெயர்க்காதீர்கள். கண் ஆங்கில வரியில் இருக்கும்போது வாய் “அவன் இருந்தான் மிகவும் சந்தோஷமாக” என்று உளறும். முதல் நாளே ஒவ்வொரு இரட்டைப் பக்கத்துக்கும் ஒரே ஒரு தமிழ் வாக்கியம், மிஞ்சினால் இரண்டு, ஒட்டுத்தாளில் எழுதுங்கள். அதைப் பக்கத்தில் ஒட்டினால் படம் மறையும். வரிசையாகப் பின்னட்டையில் ஒட்டிக்கொள்ளலாம், புத்தகம் பார்வையாளர் பக்கம் திரும்பியிருக்கும்போது உங்கள் கண்ணுக்கு நேரே இருக்கும். எழுதும்போது படத்தைப் பார்த்துச் சொல்லைத் தேடுங்கள். எல்லாப் பக்கத்திலும் “மழை பெய்தது” வேண்டாம். தூறலா, சாரலா, அடைமழையா என்று படமே சொல்லும்.

பிடிக்கும் விதம் பற்றிச் சுருக்கமாக. புத்தகம் உங்கள் மடியில் இருக்கக் கூடாது, தோள் உயரத்தில், சற்று முன்சாய்வாக இருக்கட்டும். பளபளத் தாளில் எதிர் வெளிச்சம் பட்டால் பாதிப் படம் வெள்ளையாகிவிடும். ஜன்னல் குழந்தைகளுக்குப் பின்னாலும் வேண்டாம், உங்களுக்குப் பின்னாலும் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். கீழ் ஓரத்தைப் பிடியுங்கள், மறு கை அடுத்த பக்கத்தின் மேல்மூலையில் தயாராக. புரட்டுவதற்கு முன் அடுத்த வரியைச் சொல்லிவிட்டால் படத்துக்கு வேலை போய்விடும். பக்கத்துக்குப் பக்கம் கேள்வி கேட்பதையும் விடுங்கள். அவர்களாகக் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகருங்கள்.

மழைக்கு எனக்குப் பிடித்தது பீட்டர் ஸ்பியரின் ‘ரெயின்’ (1982). அக்காள் தம்பியைப் போல இரண்டு குழந்தைகள் மழைக்குள் இறங்கிச் சுற்றுகிறார்கள். கதையில் ஒரு சொல்கூட இல்லை. சின்னச் சின்னக் கட்டங்களாகப் படங்கள் நிறைந்திருப்பதால் பதினைந்து பேருக்குத் தூக்கிக் காட்டினால் யாருக்கும் எதுவும் தெரியாது. கதை நேரம் முடிந்தபின் பாயில் விரித்து வையுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு பேர், கூடினால் மூன்று பேர். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். கதையை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள்.