துவைத்தாலும் சுருங்காத சஷிகோ துணி

‘சஷிகோ’ என்ற ஜப்பானிய ஓடுதையல் பற்றி வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சமையலறையில் பயன்படுத்த சஷிகோ துணி ஒன்று தைத்தேன். எம்பிராய்டரி வளையத்தில் மாட்டித்தான் தைத்தேன். முதல் துவைப்பிலேயே துணி வரிவரியாகச் சுருங்கிவிட்டது. ஓரத்தில் இரண்டு இடங்களில் நூலும் கழன்றது. எங்கே தவறு?”

நூலை இறுக்கி இழுத்ததுதான் சுருக்கத்துக்குக் காரணம். வளையத்தில் துணி விறைப்பாக நிற்கும்போது ஊசியை மேலே குத்தி எடுத்து, கீழே குத்தி எடுத்து, ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக இழுக்கிறோம். பருத்தி நூல் தண்ணீர் பட்டதும் கொஞ்சம் சுருங்கும். அது விட்டுக்கொடுக்க இடமில்லாவிட்டால் துணியையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும்.

சஷிகோவுக்கு வளையம் வேண்டாம். ஜப்பானின் வடக்கே, பருத்தி விளையாத குளிர்ப் பகுதிகளில் சணல் வகை நார்த்துணிதான் ஏழை விவசாயிகளின் உடை. அடுக்குகளைச் சேர்க்கவும், கிழிந்ததை ஒட்டுப்போடவும், குளிர் புகாமல் தடுக்கவும் நெருக்கமாக ஓடுதையல் போட்டார்கள். உழைக்கிற துணிக்காக வந்த தையல் இது. ‘ஹனா ஃபுகின்’, அதாவது பூத்துணி என்று அவர்கள் சொல்லும் துடைக்கும் துணியும் அந்த வழியில் வந்ததுதான். அதைத் துவைக்கத் தயங்கி அலமாரியில் மடித்து வைப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை.

சரி, தைக்கும் முறைக்கு வருவோம். நீளமான ஊசியை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, துணியை மேலும் கீழுமாக ஆட்டி ஊசியில் ஏற்றுங்கள். நாலைந்து தையல் ஏறியதும் துணி கொசுவிக்கொள்ளும். ஊசியை இழுத்த பிறகு, அந்தக் கொசுவத்தைத் தொடங்கிய இடத்திலிருந்து நூல் போகும் திசையிலேயே கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் நீவிவிடுங்கள். ஜப்பானியர் இதை ‘இதோகோகி’ என்கிறார்கள். சஷிகோவின் உயிரே இந்த நீவலில்தான் இருக்கிறது. புதிதாகத் தைப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இதைத்தான். வரிசை முடிந்ததும் துணியை அந்த வரிசையின் நீளவாட்டில் மெல்ல இழுத்துப் பாருங்கள். நூல் கம்பி போல விறைத்தால் இன்னும் நீவ வேண்டும். கோடு திரும்பும் மூலையிலும், அடுத்த வரிசைக்குத் தாவும் இடத்திலும் பின்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நூலைத் தளர்வாக விடுங்கள்.

நூல் கழன்றது முடிச்சால் இருக்கலாம். அங்கே பயன்படுத்தும் ‘சராஷி’ என்ற வெள்ளைப் பருத்தித் துணி தளர்வான நெசவு. முடிச்சு அதன் வழியே எளிதாக வெளியே வந்துவிடும். முடிச்சுக்குப் பதிலாக, தொடங்கும்போது மூன்று நான்கு தையல் எதிர்த்திசையில் போட்டு, அதே தடத்தில் திரும்பி வாருங்கள். முடிக்கும்போதும் அப்படியே. மீதி நுனியை இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில் ஒளித்துவிடலாம்.

பூத்துணிக்குத் துணி இரண்டு அடுக்கு. சராஷியின் அகலம் சுமார் 34 சென்டிமீட்டர். எழுபது சென்டிமீட்டர் நீளம் வெட்டி, இரண்டாக மடித்து, வெட்டிய விளிம்புகளைத் தைத்துப் புரட்டினால் சதுரம் கிடைக்கும். மற்ற இரு பக்கமும் நெசவின் கரையே இருப்பதால் பிரியாது. ஓடுதையலால் மூடினால் போதும். சராஷி கிடைக்காவிட்டால் வெள்ளை மல் துணி நன்றாக உழைக்கும். நெருக்கமான பாப்ளின் வேண்டாம், ஊசி ஏறாது, தண்ணீரும் சீக்கிரம் உறிஞ்சாது. வெட்டுவதற்கு முன் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். தைக்க வேண்டிய கோடு ஏற்கெனவே அச்சிட்ட துணி என்றால் அலசினால் கோடு போய்விடும். அதனால் அதில் நூலை இன்னும் தாராளமாக விடுங்கள். தைத்து முடித்துக் கோட்டை நீரில் போக்கிய பிறகே இஸ்திரி போடுங்கள், சூட்டில் கோடு நிலைத்துவிடக்கூடும்.

அன்றாடத் துணிக்கு நான் சொல்வது ‘ஹிதோமேசாஷி’. ஐந்து மில்லிமீட்டர் கட்டம் வரைந்து, கட்டத்துக்கு ஒரு தையலாகக் குறுக்கும் நெடுக்குமாக நேர்கோட்டில் போய், வடிவத்துக்கு ஏற்றபடி வரிசைகளின் தொடக்கத்தை மாற்றினால் ‘காகி நோ ஹனா’ என்ற பெர்சிமன் பழமரப் பூ வடிவம் விழும். தையல் குட்டையாக இருப்பதால் கரண்டியிலும் வளையலிலும் மாட்டாது. அப்புறம், சிவப்பும் அடர்நீலமும் சாயம் விடக்கூடும். ஈரமாக்கிய நூலை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

சுருங்கிய துணியைத் தூக்கிப்போட வேண்டாம். நன்றாக நனைத்து, மூலைகளைப் பிடித்து மெல்ல இழுத்து, தட்டையாகக் காயவையுங்கள். கொஞ்சம் நேராகும். அப்போதும் இறுக்கமாக நிற்கிற வரிசைகளை மட்டும் பிரித்து, தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள்.