ரெசினில் வார்த்த பாப்பர் (நீர்மேல் மிதந்தபடி இழுக்கும் பொய்த் தூண்டில் இரை) கொக்கி மாட்டியதும் மூழ்குகிறது, ஃபோம் ஊற்றினால் சரியாகுமா?

மிதக்கும். ஆனால் வெறும் ஃபோமில் வார்த்தால் பல்லுள்ள மீன் நாலு முறை கடித்ததும் உடல் பிய்ந்துவிடும். வெளியே ரெசின் தோல், உள்ளே ஃபோம் என்று செய்யுங்கள்.

நீங்கள் தராசு இல்லாமல் கண்ணளவில் கலக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். 0.1 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். 10 செ.மீ. நீளம், 16 மி.மீ. விட்டமுள்ள பாப்பரின் கொள்ளளவு சுமார் 20 மி.லி. மிதக்க வேண்டுமானால் கொக்கி, ஈயம் எல்லாம் சேர்த்து 20 கிராமுக்குள் நிற்க வேண்டும். 16 கிராம் நல்ல இலக்கு. பாலியூரித்தேன் ரெசின் ஒரு மி.லி.க்கு சுமார் 1.05 கிராம். முழுக்க அதையே ஊற்றினால் உடல் மட்டுமே 21 கிராம். எடை குறைக்க ரெசினில் நுண் கண்ணாடிக் குமிழித் தூள் கலந்தால் போதுமே என்பார்கள். தவறில்லை, ஆனால் பாதிக்குப் பாதி கலந்தால் கலவை களிம்பாகி அச்சின் மூலைகளுக்குள் இறங்காது.

சிலிகான் அச்சின் இரண்டு பாதியிலும் 1 மி.மீ. தடிமனுக்கு ரெசினைத் தூரிகையால் பூசுங்கள், ஏறக்குறைய 5.5 கிராம் பிடிக்கும். கை வைத்தால் ஒட்டும், ஆனால் ஒழுகாது என்ற பதத்தில், தலை முதல் வால் வரை ஒரே துண்டாக ஓடும் 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை வைத்து அச்சை மூடி இறுக்குங்கள். கொக்கி மாட்டத் திருகு வளையம் மட்டும் போட்டால் ஃபோமிலிருந்து உருவிக்கொண்டு வரும். பிறகு ஒரு கன அடிக்கு 16 பவுண்டு அடர்த்தியுள்ள, இரண்டு பாகம் கலக்கும் ஃபோம் 4 முதல் 4.5 கிராம். காற்றுத் துளை மேலே இருக்கும்படி அச்சை நிறுத்தி ஊற்றுங்கள். படுக்க வைத்தால் காற்று சிக்கிப் பொள்ளல் விழும். அவசரப்பட்டு அச்சைத் திறந்தால் ஃபோம் பிறகும் உப்பி உடலைக் கோணலாக்கும்.

தோலில் ஊசிமுனைக் குமிழ்கள் வந்தால் காரணம் பெரும்பாலும் ஈரம். பாலியூரித்தேனில் உள்ள ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும். டப்பா மூடியைத் திறந்தே வைக்காதீர்கள். ஈரப்பதம் மிகுந்த நாளில் வார்க்காதீர்கள். ஐசோசயனேட் ஆவி நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால் கையுறை, ஆவி வடிகட்டும் முகமூடி, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். துணி மாஸ்க் போதும் என்று பின்னூட்டத்தில் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

இப்போது உடல் சுமார் 10 கிராம். இரண்டு ட்ரெபிள் ஹுக் (மூன்று முனைக் கொக்கி), அவற்றை மாட்டும் ஸ்ப்ளிட் ரிங் வளையம், கம்பி சேர்த்து 5 கிராம் என்று வைத்தால் ஈயத்துக்கு 1 கிராம்தான் மிச்சம். அதை உடனே உள்ளே புதைக்காதீர்கள். கொக்கிகளை மாட்டி, ஈயத்தை வால் பக்க வயிற்றில் டேப்பால் ஒட்டி வாளித் தண்ணீரில் விடுங்கள். வால் தாழ்ந்து, தலைக் குழியின் மேல் விளிம்பு நீர்மட்டத்துக்கு மேலே தெரிந்தால் இடம் சரி. தலை கனத்தால் பாப்பர் இழுக்கும்போது தண்ணீரைத் துப்பாது, முங்கும். இடம் முடிவானதும் அங்கே துளையிட்டு ஈயத்தை எபாக்ஸியால் அடையுங்கள்.

இதில் ஆதங்கம் ஒன்று உண்டு. வீடியோ போடுகிறவர்கள் பெயின்ட் அடிப்பதையே இருபது நிமிடம் காட்டுகிறார்கள். ஒருவரும் எடை சொல்வதில்லை. புதிதாக வருகிறவர்கள் இதனால்தான் ரெசினை வீணாக்குகிறார்கள்.

தெர்மோகோலைச் செதுக்கி உள்ளே வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் மேலே எபாக்ஸி மட்டும் பூசுங்கள். பாலியஸ்டர் ரெசினும் தின்னர் கலந்த ஸ்ப்ரே பெயின்டும் அதைக் கரைத்துவிடும்.