பல மரம் கண்ட தச்சன் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

சிகாகோவில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். எந்தக் குழுவில் ஆள் குறைந்தாலும் என்னை அங்கே அனுப்பிவிடுகிறார்கள். எல்லாம் செய்தாயிற்று, எதிலும் நிபுணன் இல்லை. ‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்’ என்று அப்பா தொலைபேசியில் குத்துகிறார். அலுவலக நண்பரோ ‘நீதான் எங்கள் பென் ஸோப்ரிஸ்ட்’ என்கிறார். களத்தில் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடிய அமெரிக்க பேஸ்பால் வீரராம். அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். கடைசிப் பருவத்தில் குடும்பப் பிரச்சினையால் பல மாதங்கள் ஆடவில்லையாமே, அதனால்தான் ஓய்வு பெற்றாரா? எனக்கு 38 வயது. இனியாவது ஒரே துறையைப் பிடித்துக்கொள்ள வேண்டுமா? நீங்கள் பேஸ்பால் பார்ப்பவர் என்பதால் கேட்கிறேன்.

ம.

அன்புள்ள ம.,

அவர் குடும்ப விஷயம் நமக்கு வேண்டாம். 14 பருவங்கள் ஆடி 1,566 ஹிட்கள் அடித்த ஒரு மனிதரைத் தேடிப் போனீர்கள். கடைசியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறீர்கள். திரும்பி வாருங்கள்.

உங்கள் அப்பா சொன்ன பழமொழியில்தான் நான் சிக்கிக்கொண்டேன். அதில் ‘கண்ட’ என்று இருக்கிறது, ‘வெட்டிய’ என்று இல்லை. இதுவா அதுவா என்று தோப்பில் மரம் மரமாகப் பார்த்தே பொழுதைக் கழித்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறவனைத் திட்டும் பழமொழி அது. தேக்கு, வேம்பு, பலா மூன்றிலும் உளி வைத்துப் பழகியவனைப் பற்றி அது ஒரு வார்த்தை பேசவில்லை. நம் வீடுகளில் அதை எப்போதும் தப்பான ஆள் மீது எறிகிறோம். நானே எறிந்திருக்கிறேன்.

ஸோப்ரிஸ்ட் வெட்டிய தச்சன். இல்லினாய் மாநிலத்தில் யுரேகா என்ற சிற்றூர், அப்பா பாதிரியார். பள்ளி முடித்தபோது எந்தக் கல்லூரியும் விளையாட்டுக்காக அவரை அழைக்கவில்லை. 50 டாலர் கட்டணம் செலுத்தி ஒரு தேர்வு முகாமுக்குப் போனார். அங்கே பார்த்த பயிற்சியாளர் ஒருவரால் கல்லூரி கிடைத்தது. 2006இல் டாம்பா பே அணிக்கு ஷார்ட்ஸ்டாப்பாக, அதாவது இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு (ஓடுபவர் தொட்டுச் செல்லும் மூலைகள்) நடுவே காவல் நிற்பவராக வந்தார். அந்த இடத்தில் அவரால் நிலைக்க முடியவில்லை. கதை அங்கேயே முடிந்திருக்கலாம்.

அதுவரை பல இடங்களில் ஆடத் தெரிந்தவர் என்றால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் என்றே பொருள். யாருக்காவது அடிபட்டால் எழுந்து போவார். மேலாளர் ஜோ மேடன் அதை மாற்றினார்: ஸோப்ரிஸ்ட் தினமும் ஆடுவார், எங்கே என்பதை மட்டும் அன்றன்று சொல்வேன். 2009இல் பந்து வீசும் பிட்சர், மட்டைக்காரரின் பின்னால் உட்கார்ந்து பிடிக்கும் கேட்சர் தவிர மற்ற ஏழு இடங்களிலும் நின்றார். இது சாதாரண விஷயமல்ல. ஷார்ட்ஸ்டாப்பின் கையுறை சிறியது. பந்து அதில் தங்கக் கூடாது, பிடித்த கையோடு வீச வேண்டும். வெளிக்களத்துக் கையுறை நீளமானது, ஓடிப்போய் எட்டிப் பிடிப்பதற்கானது. முதல் பேஸுக்கு விரல் பிரிவில்லாத தனி உறை. கையுறை மாறினால் கால் வைக்கும் முறையே மாறும்.

அந்தப் பருவத்தில் 27 ஹோம் ரன்கள் அடித்தார், கிரிக்கெட்டின் சிக்ஸர் மாதிரி. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நீங்கள் இன்னோர் எண்ணைப் பாருங்கள்: 91 ‘வாக்’. நான்கு கெட்ட பந்துகளைத் தொடாமல் விட்டால் முதல் பேஸ் இனாமாகக் கிடைக்கும். மட்டையைச் சுழற்றாமல் இருப்பது ஒரு கலை. கை துறுதுறுவென்று இருக்கும் வயதில் மிகவும் கடினமான கலை. வலக்கையால் ஆடினாலும் இடக்கையால் ஆடினாலும் ஸோப்ரிஸ்டின் கண் அதே கண்தான். ஏழு இடங்களுக்கு அனுப்பியும் அவரை ஒருநாளும் வெளியே உட்கார வைக்க மனம் வராததற்கு அந்தக் கண்தான் காரணம். ஒரு மரத்தை அடிவரை வெட்டியவர் என்பதால்தான் மற்ற மரங்களுக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். இதைச் சொல்லாமல் ‘சகலகலா வல்லவர்’ என்று மாலை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

2016 ஜூன் முதல் நவம்பர் வரை சிகாகோ புறநகரில் மகள் வீட்டில் இருந்தேன். பேரனுக்குப் பத்து வயது, சிறுவர் அணியில் ஆடினான். பயிற்சியாளர் அவனை ஒரு நாள் இரண்டாம் பேஸ், ஒரு நாள் இடப்புறம், பெரும்பாலும் வலப்புற வெளிக்களம் என்று மாற்றிக்கொண்டே இருந்தார். அந்த வயதில் வலப்புறம் என்பது புல் பிடுங்கும் இடம்; பந்து அங்கே வருவது அபூர்வம். காரில் திரும்பும்போது ‘எல்லா இடத்திலும் ஆடுகிறாயே, பெருமைதானே’ என்றேன். ‘எனக்கென்று இடம் இல்லை, அதனால்தான் தாத்தா’ என்றான். அவன் மடியில் இரண்டு கையுறைகள் இருந்தன. நான் உங்கள் அப்பாவின் பழமொழியைச் சொல்லி, ‘அப்படியானால் ஒன்றைப் பிடித்துக்கொள்’ என்றேன். வீடு வரும்வரை அவன் பேசவில்லை. இன்றைக்கும் அந்த மௌனம் எனக்கு நினைவிருக்கிறது.

நவம்பர் 2 இரவு, அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம், கிளீவ்லண்டில். மறுநாள் பள்ளி என்று மகள் கத்தியும் அவன் சோபாவை விட்டு நகரவில்லை. ஒன்பது இன்னிங்ஸ் முடிவில் 6-6. மழை, 17 நிமிட நிறுத்தம். பத்தாவதில், ஸோப்ரிஸ்ட் அப்போது ஆடிய சிகாகோ கப்ஸ் அணியின் ஆள் இரண்டாம் பேஸில் நிற்கிறார். கிளீவ்லண்ட், அடிக்க வந்த ஆன்டனி ரிஸ்ஸோவை வேண்டுமென்றே ‘வாக்’ கொடுத்து முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டது. அவர் ஆபத்தானவர், அடுத்தவரைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு. அடுத்தவர் ஸோப்ரிஸ்ட். பந்து மூன்றாம் பேஸ்காரரைத் தாண்டி இடக்கோட்டை ஒட்டி ஓடியது. ஆட்டம் 8-7 என்று முடிந்தது. கப்ஸ் 108 ஆண்டுகளுக்குப் பிறகு கோப்பையை வென்றது. தொடரின் சிறந்த வீரர் அவர்தான். முந்தைய ஆண்டு கேன்ஸஸ் சிட்டிக்காகக் கோப்பை வென்றவரும் அவரே. பேரன் என்னைத் திரும்பிப் பார்த்து, ‘அவர் இன்றைக்கு இடப்புறத்தில் நின்றார், தெரியுமா?’ என்றான். அந்தக் கேள்வி எனக்குத்தான் என்று புரிந்தது.

உங்கள் கேள்வியை எங்கோ விட்டுவிட்டேன். ஒரே துறையா, பலவா? உங்கள் வேலையை நான் பார்த்ததில்லை, எனக்குத் தெரியாது. ஆனால் ‘எதிலும் நிபுணன் இல்லை’ என்று எழுதியிருப்பதை நான் நம்பவில்லை; அது அடக்கமும் இல்லை, சோம்பல். பதினோரு ஆண்டுகளாக உங்களை ஏன் கேட்டு வாங்குகிறார்கள் என்று அந்தந்தக் குழுவிடம் கேட்டீர்களா? சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்றும் எழுதவில்லை. 2010இல் நான்கு ஆண்டுகளுக்கு 1.8 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்ட ஸோப்ரிஸ்ட், 2015 டிசம்பரில் கப்ஸிடம் அதே நான்கு ஆண்டுகளுக்கு 5.6 கோடி வாங்கினார். ஏழு இடத்தில் நிற்பவனுக்கு நன்றி மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. நீங்களாகக் கேட்காதவரை யாரும் தர மாட்டார்கள்.

அப்பாவுக்கு அந்தப் பழமொழியின் பொருளைச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிட்ட பிறகு. சண்டை போடாமல்.