நூற்றுக்கு எத்தனை பேர்? நெல்லைச் சீமை வாசகர்களின் உடல்நலக் கேள்விகள்

நாட்டு மக்களின் உடல்நலம் குறித்த பெரிய ஆய்வுகள் தரும் செய்திகளைச் சென்ற இதழில் சுருக்கமாக வெளியிட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டுத் திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களிலிருந்து எழுதியவர்களே இம்முறை மிகுதி. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாக்கி, பெயர்களை விடுத்து, ஊரை மட்டும் குறித்துப் பதில் தருகிறோம்.

'இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் தெருவுக்கு வந்து யாரும் ரத்தம் எடுத்ததில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை ஒரு நாட்டுக்கே பொருத்திப் பார்ப்பது சரியா?' – கல்லூரி மாணவர், பாளையங்கோட்டை

ஒரே அரிசியைப் போட்டு ஒரே தீயில் வேகவைத்த பானைக்குத்தான் அந்தப் பழமொழி பொருந்தும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவரும், நெல்லை டவுன் ரத வீதியில் கடை வைத்திருப்பவரும், ராதாபுரம் தேரிக்காட்டில் பனையேறுபவரும் ஒரே பானைச் சோறு அல்லர். ஆய்வு செய்பவர்களும் இதை அறிந்தவர்களே. அதனால்தான் அவர்கள் நாட்டை மாநிலமாகவும், மாநிலத்தைக் கிராமம், நகரம் எனவும் பிரித்து, ஒவ்வொரு பிரிவிலும் குலுக்கல் முறையில் ஊர்களையும், ஊருக்குள் வீடுகளையும், வீட்டுக்குள் ஒருவரையும் தேர்ந்தெடுக்கிறார்கள். உங்கள் தெரு விடுபட்டது குறையாகாது. உங்கள் தெருவுக்கும் அகப்படும் வாய்ப்பு இருந்ததா என்பதே கேள்வி.

நீங்கள் குறிப்பிடும் எண்ணிக்கை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் சர்க்கரை நோயைப் பற்றி நடந்து, 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர்.–இண்டியாப் ஆய்வில் வருவது. இருபது வயதுக்கு மேற்பட்ட 1,13,043 பேரை, மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களுமாக 31 இடங்களில், 2008 முதல் 2020 வரை பல கட்டங்களாகப் பரிசோதித்து, நூற்றுக்கு 11.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது கணக்கிட்டது. பத்துக் கோடி என்பது அந்த விகிதத்தை மக்கள்தொகையோடு பெருக்கிக் கிடைத்த மதிப்பீடேயன்றி, ஆள்வாரியாக எண்ணியது அன்று. பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட ஆய்வு என்பதையும் மறக்கக் கூடாது. தமிழ்நாடு அதன் முதல் கட்டத்திலேயே, 2008–10இல், அளக்கப்பட்டுவிட்டது. அப்போது இங்கே கண்ட விகிதம் 10.4. வேறு சில மாநிலங்களில் ரத்தம் எடுத்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்தே. ஆகவே 'எந்த மாநிலம் முதலிடம்' என்று பத்திரிகைகள் போடும் பட்டியலைச் சற்று நிதானத்தோடு படிப்பது நல்லது.

என் பார்வையில் அந்த ஆய்வின் முதன்மையான செய்தி பத்துக் கோடி அன்று. நகரத்தில் நூற்றுக்கு 16.4 பேருக்குச் சர்க்கரை நோய் இருக்க, கிராமத்தில் 8.9 பேருக்கே இருந்தது. ஆனால் நோய் வருவதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் நகரத்தில் 15.4, கிராமத்தில் 15.2, ஏறக்குறைய சமம். நகரத்துக்கு வந்தது கிராமத்துக்கும் வரப் புறப்பட்டுவிட்டது என்றே இதைப் படிக்க வேண்டியிருக்கிறது. புள்ளியியல் படிக்கும் மாணவராக இருந்தால், அடுத்த முறை எந்த விகிதத்தைக் கண்டாலும் யாரை அளந்தார்கள், எந்த வயதில், எந்த ஆண்டில், எந்தக் கருவியால் என்று கேட்டுப் பாருங்கள்; பாதித் தலைப்புச் செய்திகள் அந்தக் கேள்விகளுக்கே நிற்கமாட்டா.

'பதினைந்து வயதிலிருந்து பீடி சுற்றுகிறேன். ஒரு நாளும் குடித்ததில்லை. சில நாள் தலைசுற்றலும் குமட்டலும் வருகின்றன. புகையிலை பற்றிய கணக்கில் என்னைப் போன்றவர்கள் உண்டா?' – பீடித் தொழிலாளி, முக்கூடல்

இல்லை, சகோதரி. வயது வந்தோரின் புகையிலைப் பழக்கத்தை அளக்கும் 'காட்ஸ்' ஆய்வு, புகைப்பவரையும் மெல்லுபவரையும் எண்ணுகிறது, சுற்றுபவரை எண்ணுவதில்லை. 2009–10இல் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் நூற்றுக்கு 34.6 பேர் ஏதேனும் ஒரு வகையில் புகையிலையைப் பயன்படுத்தினார்கள். 2016–17இல் அது 28.6 ஆகக் குறைந்தது. நாடு இறங்கிய அதே காலத்தில் தமிழ்நாடு 16.2இலிருந்து 20.0 ஆக ஏறியது என்பதை நம் மாநிலத்தில் அதிகம் பேர் பேசக் காணோம். நாட்டளவில் சிகரெட் பிடிப்பவர்கள் நூற்றுக்கு 4 பேர் என்றால் பீடி பிடிப்பவர்கள் 7.7 பேர். அந்தப் பீடியில் கணிசமான பங்கு முக்கூடல், பாப்பாக்குடி, ஆலங்குளம், மேலப்பாளையம் வீட்டுத் திண்ணைகளில், சொளகை மடியில் வைத்துக்கொண்டு உங்களைப் போன்ற பெண்கள் சுற்றியது. நாட்டின் புகையிலைக் கணக்கை எழுதுகிறபோது அந்தக் கைகளை விட்டுவிடுவது முறையன்று என்பது என் கருத்து.

உங்கள் தலைசுற்றலுக்கு வருகிறேன். புகையிலையிலுள்ள நிகோடின் புகையாக மட்டும் உடலுக்குள் போவதில்லை. தூளை அள்ளும் விரல்களின் தோல் வழியாகவும், மூச்சோடு இழுக்கும் தூசி வழியாகவும் உட்புகுகிறது. பீடித் தொழிலாளர்களின் சிறுநீரைச் சோதித்த ஆய்வுகள், நிகோடின் உடைந்து உண்டாகும் பொருள் அதில் இருப்பதைக் காட்டியுள்ளன. குமட்டல், தலைவலி, தலைசுற்றல் ஆகியவை அதனாலும் வரலாம். ரத்த சோகையாலும், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டுக் கணக்கை முடிக்கக் குனிந்தே உட்கார்ந்திருப்பதாலும் வரலாம். ஆகவே முதலில் ஹீமோகுளோபினையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரிலேயே பீடித் தொழிலாளர்களுக்கான மத்திய அரசு மருத்துவமனை இருக்கிறது. தொழிலாளர் அடையாள அட்டையோடு போய், என்ன வேலை செய்கிறீர்கள் என்பதைச் சொல்லிக் காட்டுங்கள். 'தலை சுற்றுகிறது' என்று மட்டும் சொன்னால் ஊசி ஒன்று போட்டு அனுப்பிவிடுவார்கள்.

வேலையை விட்டுவிடுங்கள் என்று எழுதுவது எளிது. ஆனால் அது வாரக் கூலியை நம்பி இருக்கும் வீட்டுக்குப் பதிலாகாது. காற்றோட்டமுள்ள இடத்தில் சுற்றுங்கள். தூளையும் சொளகையும் அடுப்படியிலிருந்தும் தொட்டிலிலிருந்தும் விலக்கி வையுங்கள். சாப்பிடுவதற்கு முன்பும் குழந்தையைத் தூக்குவதற்கு முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். பள்ளிப் பிள்ளைகளை இலை வெட்டவோ நூல் கட்டவோ உட்கார வைக்காதீர்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் அந்த மாதங்களிலாவது தூளைத் தொடாமல் இருப்பதே நல்லது.

'ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளுக்குப் பள்ளியில் வாரம் ஒரு நீல மாத்திரை கொடுக்கிறார்கள். வயிறு வலிக்கிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று தூக்கி எறிகிறாள். பாதிப் பெண்களுக்கு மேல் ரத்த சோகை என்பது மிகைதானே?' – ஒரு தாய், அம்பாசமுத்திரம்

மிகையா என்ற சந்தேகம் வல்லுநர்களிடையேயும் உண்டு. 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நாட்டில் நூற்றுக்கு 57 பேருக்கும், தமிழ்நாட்டில் 53.4 பேருக்கும் ரத்த சோகை என்றது. அந்த ஆய்வில் விரல் நுனியைக் குத்தி எடுத்த சொட்டு ரத்தத்தைச் சிறு கருவியில் வைத்துப் பார்த்தார்கள். அதற்குச் சற்று முன்பு, 2016–18இல், பிள்ளைகளின் ஊட்டச்சத்தை மட்டும் ஆராய்ந்த தேசிய ஆய்வு, கை நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் சோதித்து, 10 முதல் 19 வயது வரையுள்ள பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 40 பேருக்கும் ஆண் பிள்ளைகளில் 18 பேருக்கும் ரத்த சோகை இருப்பதாகச் சொன்னது. குத்திய விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து அளவு குறைவாகக் காட்டக்கூடும். இரு ஆய்வுகளும் பார்த்த வயதும் வேறு. ஆகவே ஐம்பத்தேழா நாற்பதா என்று வாதிடலாம். நாற்பது என்றே வைத்துக்கொண்டாலும், உங்கள் மகளின் வகுப்பில் ஐந்து பெண் பிள்ளைகளுக்கு இருவர் என்றாகிறது. அதைச் சிறிது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பள்ளியில் தரும் நீல மாத்திரை இரும்புச்சத்து மாத்திரை. கறுப்பு மலம், அதில் உடல் ஏற்காமல் விட்ட இரும்பு வெளியேறுவதால் வருவது; அதனால் கேடில்லை. வயிற்று வலி பெரும்பாலும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பள்ளிக்கு ஓடி, வெறும் வயிற்றில் விழுங்குவதால் வருகிறது. மதிய உணவுக்குப் பின் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அதன் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரும் காப்பியும் வேண்டாம். அவை இரும்பை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நன்றாக ஏற்கும். முருங்கைக் கீரை நல்ல உணவே, ஆனால் வயதுக்கு வந்த பெண் பிள்ளை மாதந்தோறும் இழக்கும் இரும்பை அது ஒன்றே ஈடுகட்டிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்த வேண்டாம். பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையையும் தவறவிடாமல் போட்டுக்கொள்ளட்டும். உதிரப்போக்கு மிகுதியாக இருந்தால் அதைத் தனியே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

'எங்கள் தாத்தா காலத்தில் கருப்பட்டிக் காப்பியும் பழைய சோறும்தான். சர்க்கரை நோய் என்ற பேச்சே இல்லை. இப்போது எனக்குச் சர்க்கரை இருக்கிறது. வெள்ளைச் சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறினால் போதுமா?' – ஓய்வுபெற்றவர், திசையன்விளை

போதாது, ஐயா. உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதிலும் பெரும்பங்கு சீனியில் உள்ள அதே சர்க்கரைதான். சிறிதளவு தாதுக்கள் கூடுதலாக இருப்பது நோயாளியின் ரத்தச் சர்க்கரையைக் காப்பாற்றாது. சீனியைக் கணக்குப் பார்த்துப் போடுகிறவர்கள், நல்லது என்ற நினைப்பில் கருப்பட்டியைக் கைநிறைய உடைத்துப் போடுவதையும் காண்கிறோம்.

தாத்தா காலத்தைப் பற்றி இரண்டைச் சொல்ல வேண்டும். 1941 முதல் 1951 வரையிலான பத்தாண்டில் இந்தியரின் சராசரி வாழ்நாள் 32 ஆண்டுகள். இன்று அது ஏறக்குறைய 70. நடுவயதில் வரும் நோயைப் பார்க்கும் வயதுவரை பலர் வாழவில்லை, வாழ்ந்தவர்களுக்கு ரத்தம் சோதிக்கவும் ஆளில்லை. மற்றொன்று, பழைய சோற்றைத் தின்றவர் அதன்பின் ஏர் பிடிக்கவோ பனையேறவோ போனார். 1990இல் இந்தியாவில் நேர்ந்த சாவுகளில் நூற்றுக்கு 37.9 இதயநோய், சர்க்கரை, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களால் நேர்ந்தவை. 2016இல் அது 61.8. சோறு அப்படியே இருக்க, உழைப்பு மட்டும் நம்மை விட்டுப் போயிற்று.

'காலை ஐந்து மணி முதல் வீட்டு வேலைதான். இதற்குமேல் நடைப்பயிற்சி எதற்கு?' – குடும்பத்தலைவி, கடையம்

வீட்டு வேலையும் கணக்கில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் கேட்பது, மூச்சு சற்றே வாங்கும்படியான உழைப்பு வாரத்துக்கு 150 நிமிடம். குடத்தில் தண்ணீர் சுமப்பதும் தோட்ட வேலையும் அதில் சேரும், அடுப்பின் முன் நிற்பது சேராது. இந்த அளவை எட்டாத இந்தியர் 2000இல் நூற்றுக்கு 22 பேர். 2022இல் ஏறத்தாழ 49 பேர், பெண்களில் மட்டும் 57. பொழுது முழுதும் ஓய்வில்லை என்பதும் உடலுக்குப் போதிய அசைவில்லை என்பதும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்க முடியும். பெண்கள் நடக்கத் தெருவிளக்கும் பயமில்லாத சாலையும் வேண்டும் என்பதையும் ஊராட்சியில் கேளுங்கள்.

'எட்டாம் வகுப்புப் பையன்கள் உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம் ஒதுக்கிக்கொண்டு வகுப்பில் உட்காருகிறார்கள். இது எங்கள் பள்ளியில் மட்டுமா?' – ஆசிரியர், களக்காடு

உங்கள் பள்ளியில் மட்டும் இல்லை. 2019இல் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரிடையே நடந்த நாடு தழுவிய ஆய்வில் நூற்றுக்கு 8.5 பேர் ஏதேனும் ஒரு புகையிலையைப் பயன்படுத்தினார்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு அது 14.6 ஆக இருந்ததால், குறைந்துவருகிறது என்று ஆறுதல் கொள்ளலாம். ஆனால் புகையில்லாப் புகையிலையைத் தொடங்கும் வயது, அதைப் பயன்படுத்தியவர்களிடையே சராசரியாகப் பத்துக்கும் சற்றுக் கீழே. எட்டாம் வகுப்பில் எச்சரிப்பது காலம் கடந்த எச்சரிக்கை. ஐந்தாம் வகுப்பில் தொடங்க வேண்டும்.

பள்ளியைச் சுற்றி நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்பதும், பதினெட்டு வயது நிறையாதவருக்கு விற்பதும் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பையனை அசெம்பிளியில் நிறுத்தி அவமானப்படுத்துவதைவிட, அவனுக்கு விற்ற கடையின் பெயரைத் தலைமையாசிரியர் வழியாகக் காவல் நிலையத்துக்கும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கும் எழுதிக் கொடுங்கள். விட விரும்பும் பிள்ளைக்கு 1800 112 356 என்ற கட்டணமில்லாத் தேசிய எண்ணில் ஆலோசனை கிடைக்கும்; முதல் முறை அழைக்கும்போது ஆசிரியர் ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது.